விண்வெளி வீரரின் கடல் மூட்டை

வானத்துக்குப் போகிறவருக்குப் படகு எதுக்கு என்று கேட்பீர்கள். மனிதரை ஏற்றிச் சென்ற அமெரிக்காவின் முதல் விண்கலங்களான மெர்க்குரிக் கலங்கள், பாரசூட்டில் தொங்கியபடி கடலில்தான் வந்து இறங்கின. மீட்புக் கப்பல் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன கதி? அதற்காகவே ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். காற்றடைத்த ரப்பர்ப் படகு, கடல்நீரின் உப்பைப் போக்கும் மருந்து, இருக்குமிடத்தைக் காட்டக் கடலில் கரைக்கும் சாயம், சுறாவை விரட்டும் மருந்து, வெயிலில் பளிச்சிடும் சைகைக் கண்ணாடி, கத்தி, விசில் எல்லாம் அதில் அடக்கம்.

1961 ஜூலை 21-ல் கஸ் கிரிசம் அட்லாண்டிக் கடலில் இறங்கினார். திடீரென்று கலத்தின் கதவு பிய்த்துக்கொண்டது. தண்ணீர் குபுகுபுவென்று புகுந்தது. மூட்டையை எடுக்க நேரமேது? வெளியே தாவினார். உடையில் காற்றுக்குழாய் மாட்டும் துளையை மூட மறந்திருந்தார். ஞாபகத்துக்காக எடுத்துப்போன நாணயங்களின் பாரம் வேறு! தத்தளித்தவரை ஹெலிகாப்டர் தூக்கியது. கலம் மூழ்கிப் போனது. அதன்பின் வீரர் உடையிலேயே சிறு மிதவைச் சட்டை ஒன்றையும் சேர்த்தார்கள்.

1962 மே 24-ல் ஸ்காட் கார்ப்பெண்டர் குறித்த இடத்தைத் தாண்டி 400 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். பதறவில்லை. படகை விரித்து உட்கார்ந்து, சுமார் 3 மணி நேரம் காத்திருந்தார். பாரசூட்டில் குதித்து வந்த மீட்பு வீரர்களுக்குத் தம் மூட்டையிலிருந்த உணவையே நீட்டினார்!

பார்த்தீங்களா? மூடாத ஒரு துளை உயிரைக் குடிக்கப் பார்த்தது. மடித்து வைத்த ஒரு படகு உயிரைத் தாங்கியது. வானத்தையே தொட்டாலும், சின்ன வேலைதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.