பச்சையமும் குருதியும்: வாவிக்கரையிலிருந்து ஓர் இரசாயன வரலாறு

வடக்கே ஏறாவூர்ப் பக்கந் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பகுத்து நிற்பது. இவ்வாவியைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாடும் மீன்களையே போற்றினர். அதன் நிறங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கரையோரத்துக் கண்டல் மரத்தின் இலை பச்சை. வலையில் அகப்படும் மீனின் குருதி சிவப்பு. அதே நீரில் வாழும் நண்டின் குருதியோ ஒட்சிசன் சேர்ந்ததும் நீலம். இலையில் மகனீசியம், மீனில் இரும்பு, நண்டிற் செம்பு என மூன்று உலோகங்கள் இம்மூன்றிலும் தொழிற்படுகின்றன. இவற்றுள் முன்னிரண்டும் ஏறத்தாழ ஒரே வகையான வளையத்தின் நடுவே அமர்ந்திருப்பவை. இதனைத் தெளிவாக அறிய ஐரோப்பிய இரசாயனவியலாருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழும் இரசாயனம் பேசப் பழகிற்று. அம்முயற்சியில் முதன்மையான பங்கு கொண்டவர் இவ்வாவிப் பிரதேசத்தின் தென்பாலுள்ள காரைதீவிற் பிறந்த ஓர் இரசாயன ஆசிரியர். பிற்காலத்தில் உலகம் விபுலாநந்த அடிகள் என அறிந்தவர். இவ்விரு வரலாறுகளும் ஒரே காலத்தில் நடந்தும் நெடுநாள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அதன் காரணமே ஈண்டு நோக்கற்பாலது.

முதலில் வளையத்தின் கதை. இலையின் பச்சைப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குப் பெயரிட்டவர்கள் பெல்லெற்றியே, கவெந்து என்னும் பிரெஞ்சு மருந்தியலாளர் இருவர். காலம் 1817ஐ ஒட்டியது. 1871இல் ஜேர்மனியரான ஹொப்பே-சைலர் குருதியின் செம்பொருளிலிருந்து இரும்பை அமிலத்தால் நீக்கி, ஊதா நிறமான பொருளொன்றைப் பெற்றார். சில ஆண்டுகளின் பின் இலைப் பச்சையிலிருந்தும் அதனை ஒத்த பொருள் அவருக்குக் கிடைத்தது. போர்பைரின் என்ற பெயர் ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. அச்சொல் பண்டு கடற் சங்கினத்திலிருந்து எடுத்த சாயத்திற்கு உரியது. அச்சாயமோ போர்பைரினே அன்று என்பது வேடிக்கை. பெயர்கள் வரலாற்றில் இவ்வாறு வழிதவறிச் சேர்வதுண்டு.

உலோகம் வளையத்துள் எவ்வாறு நிற்கிறது என்பதை விளக்கும் கொள்கை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1893இல் அல்பிரட் வேணர் உலோகச் சிக்கற் சேர்வைகளைப் பற்றிய தம் கருத்தை வெளியிட்டார். நடுவே ஓர் உலோக அணு; அதனைச் சூழ்ந்து குறித்த எண்ணிக்கையில், குறித்த வடிவத்தில் இணையிகள்; அவை தம் இலத்திரன் சோடிகளை உலோகத்திற்கு ஈந்து பிணைகின்றன என்று பிற்காலத்தார் அக்கருத்தை விரித்தனர். போர்பைரினில் நான்கு நைதரசன் அணுக்கள் ஒரே மூலக்கூறிலிருந்து நாற்புறமும் உள்நோக்கி நின்று உலோகத்தைப் பற்றுகின்றன. நான்கு கால்களுடைய நண்டு ஒன்று ஒரு பரலைப் பற்றினாற் போன்றது அது. தனித்தனியே நான்கு இணையிகள் பற்றியிருப்பின் ஒன்று விலகலாம். வளையம் விலகுவது அரிது.

ரிச்சார்ட் வில்ஸ்டெற்றர் சூரிச்சில் 1905இல் பேராசிரியராகி, பச்சையத்தைத் தூய்மையாக எடுக்கும் வேலையில் இறங்கினார். அவருக்கு மூலப்பொருளாக உதவியது அங்கு மலிந்த காஞ்சொறி இனச் செடி. பச்சையத்திற் காணப்பட்ட மகனீசியம் அழுக்கன்று, மூலக்கூறின் உறுப்பே என அவர் நிறுவினார். இருநூறுக்கு மேற்பட்ட தாவரங்களை ஆராய்ந்து, எல்லாவற்றிலும் பச்சையம் ஒன்றே என்றும் கண்டார். அதாவது, சூரிச்சின் காஞ்சொறியிலும் கல்லடிக் கண்டலிலும் பச்சை ஒன்றே. 1915இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. யூதரென்ற காரணத்தால் பிறருக்குப் பதவி மறுக்கப்பட்டதைப் பொறாது 1924இல் அவர் முனிக்கிற் பதவி துறந்தார். 1939இல் நாட்டைவிட்டே தப்பிச் சென்றார்.

வளையத்தின் வடிவத்தை 1912இல் கூறியவர் கியூஸ்ரர். நான்கு பைரோல் வளையங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுப் பெருவளையமாகின்றன என்ற அக்கூற்றை அன்று ஏற்றோர் சிலரே; அவ்வளவு பெரிய வளையம் உறுதியாய் நிற்காது என்பது அக்காலத்தவர் எண்ணம். அதனைச் செய்கையால் மெய்ப்பித்தவர் முனிக்கில் ஹான்ஸ் பிசர். சிறு பைரோல்களை ஆக்கி, இருவிரண்டாகக் கோத்து, பின் வளையமாக மூடி, இரும்பை உட்புகுத்தி 1929இல் குருதியின் ஈமினையே ஆய்வுகூடத்தில் ஆக்கினார். 1930இல் அவருக்கும் நோபல் பரிசு. பின்னர்ப் பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து பெரும்பகுதியைத் தெளிவாக்கினார். அதன் வளையத்தில் ஓரிடத்தில் ஐதரசன் கூடியிருப்பதும், பக்கத்தே வேறொரு சிறு வளையம் ஒட்டியிருப்பதும் ஈமிலிருந்து அதனைப் பிரிக்கும் வேறுபாடுகள். போரின் குண்டுவீச்சில் ஆய்வுகூடம் அழிந்தபின், 1945 மார்ச் 31 அன்று பிசர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பச்சையத்தை முழுமையாகத் தொகுத்தாக்கும் பணி 1960இல் அமெரிக்காவில் வுட்வேட்டின் கையால் நிறைவேறியது.

ஊக்கியாக இவ்வளையம் செய்யும் தொழில் தனிச்சிறப்புடையது. ஐதரசன் பேரொட்சைட்டைப் பிளக்க வெறும் இரும்பு அயனும் உதவும், ஆயின் மந்தமாக. அதே இரும்பு போர்பைரின் வளையத்துள் அமர்ந்தால் வேகம் ஏறத்தாழ ஆயிரம் மடங்காகிறது. அவ்வளையத்தைப் புரதம் சூழ்ந்து கற்றலேசு என்ற நொதியம் ஆனாலோ வேகம் மேலும் பல இலட்சம் மடங்கு உயர்கிறது. உலோகம் ஒன்றே, அதன் சுற்றமே தொழிலை நிர்ணயிக்கிறது. ஈமோகுளோபினில் அதே இரும்பு ஒட்சிசனைச் சுமந்து சென்று இறக்கிவிடுகிறது, மாற்றுவதில்லை. ஈரலிலுள்ள நொதியங்களில் அதே இரும்பு அதே ஒட்சிசனைப் பிளந்து வேறு மூலக்கூறினுட் செருகுகிறது. 1979இல் குரோவ்ஸ் என்பவர் புரதமின்றியே செயற்கை இரும்புப் போர்பைரினைக் கொண்டு இத்தகைய ஒட்சியேற்றத்தைச் செய்து காட்டியதிலிருந்து இத்துறை பெருவிரைவில் வளர்ந்தது. நண்டு இவ்வழியைப் பின்பற்றவில்லை. அதன் ஈமோசயனின், பெயரில் ஈம் இருந்தும் போர்பைரின் அற்றது. இரண்டு செம்பு அணுக்கள் தம்மிடையே ஓர் ஒட்சிசன் மூலக்கூறைத் தாங்குவது.

இனி மற்றை வரலாறு. தமிழில் இரசாயனம் 1875இல் கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற நூலாக வெளிவந்தது. வில்ஸ்டெற்றர் நோபல் பரிசு பெற்ற காலத்தில், காரைதீவு மயில்வாகனன் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்தார். 1916இல் விஞ்ஞான டிப்புளோமாவையும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் ஒருங்கே பெற்ற அவர், 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1922இல் இராமகிருஷ்ண மடம் புகுந்து, 1924இல் துறவு பூண்டார். இரசாயனம் ஒரு நல்ல மாணவனை இழந்தது என்பது மெய்யே. எனினும், ஆய்வுகூடத்தில் அவர் எதனைச் செய்திருக்க முடியும் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். பிசரின் வேலைக்கு மாணவர் பட்டாளமும், நிலையான ஆய்வுகூடமும், சாயத்தொழில் வளர்ந்த நாடொன்றும் பின்பலமாயிருந்தன. அன்றைய இலங்கையில் அவற்றுள் எதுவும் இல்லை.

அவர் செய்தது வேறு. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' 1938இல் அச்சேறியது. பிற்காலத்தில் இலங்கையில் தாய்மொழிக் கல்வி விஞ்ஞான வகுப்புகளுக்கு விரிந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளுக்கு அது முன்னோடி. மூலகம், சேர்வை, ஊக்கி, ஒட்சியேற்றம் என இக்கட்டுரை தயங்காது வழங்கும் சொற்கள் அத்தகைய குழுக்களின் உழைப்பால் நிலைபெற்றவை. இவற்றைப் பற்றி மாணவரிடையே ஏளனம் உண்டு. சொல்லின்றி எழுத முயன்றவர் ஏளனஞ் செய்யார்.

தமிழர் இவ்வாய்வினுட் புகுந்தது பின்னரே. சென்னையிற் கற்ற பால் இரத்தினசாமி, 1995 முதல் 2002 வரை புனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் இயக்குநராயிருந்தவர். போர்பைரினுக்கு உறவான தலோசயனின் என்னும் வளையத்துட் செம்பு முதலிய உலோகங்களை வைத்து, அவ்வளையத்தைச் சியோலைற்று என்ற கனிமத்தின் நுண்ணறைகளுக்குள் அடைத்து, அவரும் அவர் மாணவரும் 1990களில் ஒட்சியேற்ற ஊக்கிகளை ஆக்கினர். நொதியத்திற் புரதம் செய்யும் காவற்றொழிலை அங்கே கனிமம் செய்கிறது. இவ்வாய்வு வெளிவந்த மொழி ஆங்கிலம்.

வாவிப் பிரதேசத்திற்கு உயர்கல்வி ஆய்வுகூடம் 1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதே கிட்டியது; 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்காண்டுகளில் அதே வளாகம் போருக்கஞ்சி ஓடிவந்தோரின் அகதி முகாமாக மாறியது. 1990 செப்டெம்பரில் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் பலர் திரும்பவேயில்லை. ஆய்வு தொடர்ந்து நடைபெற வேண்டிய ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன.

இன்னொரு தடையும் உண்டு. உயர்தர வகுப்பில் மாணவன் சிக்கலயனையும் இணையியையும் தமிழில் அறிகிறான். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்துள் நுழைந்த அன்றே அச்சொற்களை வாயிலில் விட்டுச் செல்கிறான். ஆகவே 1938இல் தொடங்கிய சொல்லாக்கம் பாடசாலை மட்டத்தோடு நின்றுவிடுகிறது. வளையமும் ஊக்கியும் சேரும் இடத்திற்கு அது வந்து சேர்வதில்லை. ஆங்கிலத்தை விலக்குக என்று யாம் கூறவில்லை. ஆய்விதழ்கள் அம்மொழியிலேயே உள்ளன. ஆயினும் தம் ஆய்வைப் பத்துப் பக்கத்திலேனும் தமிழில் எழுதும் கடப்பாடு இரசாயனத் துறையினருக்கு உண்டு. இக்கட்டுரையிற் போர்பைரின், தலோசயனின் என்பவை ஒலிபெயர்ப்பாகவே நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு பெயர் வைப்பதா, அவ்வாறே விடுவதா என்பதை முடிவுசெய்யத் தக்கவர்கள் அவற்றைக் குடுவையில் ஆக்கிப் பார்த்தவர்களே.