அமர்வுக் கலப்பு

அமர்வுக் கலப்பு என்பது, வலைச் செயலியில் தம் கணக்கைத் திறந்த ஒருவருக்கு வேறொருவரின் பெயரும் முகவரியும் திரையில் தெரியும் கோளாறு. கடவுச்சொல் எதுவும் களவு போயிருக்காது. பெரும்பாலும் காரணம், வேகத்துக்காக இடையில் வைக்கப்படும் கேஷ் எனும் தற்காலிகச் சேமிப்பே.

எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. வந்தவர் யார் என்று அறிய, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கினார். கேஷோ ஆளைப் பார்ப்பதில்லை. சாவியை மட்டுமே பார்க்கிறது. சாவி வழக்கமாகப் பக்கத்தின் முகவரிதான். ‘என் கணக்கு’ பக்கத்தின் முகவரி எல்லோருக்கும் ஒன்றே என்பதால், முதலில் வந்தவருக்குத் தயாரான பக்கம் அடுத்தவருக்கும் போய்விடுகிறது. அங்கீகாரத் தலைப்போடு வரும் கோரிக்கையின் பதிலைப் பொதுக் கேஷ் வெளிப்படையான அனுமதியின்றிப் பிறருக்குத் தரக் கூடாது என்கிறது 2022இல் வெளியான எச்டிடிபி கேஷ் தரநிலை ஆர்எஃப்சி 9111. குக்கீக்கு அந்தக் காப்பு இல்லை. இன்றைய தளங்களில் பெரும்பாலானவை குக்கீயை நம்பியே நடப்பதால், இந்த வேறுபாட்டை ஒவ்வொரு நிரலாளரும் அறிந்திருக்க வேண்டும்.

2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டு அங்காடி தாக்குதலுக்கு உள்ளானது. போக்குவரத்து, தள்ளுபடி விற்பனைக் காலத்தின் சராசரியைவிட 2000 விழுக்காடு கூடியது. அதைத் தாங்க அவசரமாக இடப்பட்ட கேஷ் அமைப்புகளில் ஒன்று, கணக்கில் நுழைந்தவர்களின் பக்கங்களையும் சேமித்துவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது.

சாவி சரியாக இருந்தாலும் பிழை நேரலாம். 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்குப் பிறரின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ரெடிஸ் கேஷுடன் பேசும் நூலகத்தில், கோரிக்கை பாதியில் ரத்தானபோது அதற்குரிய பதில் இணைப்பிலேயே தங்கி, அதே இணைப்பில் அடுத்துக் கேட்டவருக்குக் கிடைத்தது. கேஷே இல்லாமலும் இந்த அறிகுறி தோன்றும்: 2021இல் நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பில் இது, சர்வர் நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கு இடையிலான போட்டியால் வந்தது.

கோளாறைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது: காட்சி மட்டும் மாறுகிறதா, செயலும் மாறுகிறதா? பிறர் பக்கம் தெரிந்தும், பொத்தானை அழுத்தினால் தம் கணக்கிலேயே வேலை நடந்தால் சேமிக்கப்பட்டது பக்கம் மட்டும்தான். செயலும் அடுத்தவர் பெயரில் நடந்தால், குக்கீயை அமைக்கும் தலைப்பே பதிலோடு சேமிக்கப்பட்டிருக்கலாம். இதுவே மிக ஆபத்தானது. பதிலில் ‘ஏஜ்’ தலைப்பு இருந்தால் அது கேஷிலிருந்து வந்ததற்கு அடையாளம். பிரவுசிங் சென்டர் போலப் பலர் புழங்கும் ஒரே கணினியில் மட்டும் நேர்ந்தால், உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜைப் பார்க்க வேண்டும். அது தளத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. நிரல் அழிக்காவிட்டால் லாக்அவுட் செய்தபின்னும் அப்படியே கிடக்கும். நிரலாளரின் கணினியில் ஒரே கணக்கை வைத்துச் சோதித்தால் இவை எதுவும் வெளிப்படாது. உண்மையான கேஷ் வழியாக, இரண்டு கணக்குகளோடு, நெரிசலில் சோதிக்க வேண்டும்.

தனிநபர் பக்கங்களுக்கு ‘நோ-ஸ்டோர்’ கட்டளையே பாதுகாப்பானது. ‘நோ-கேஷ்’ என்பதன் பெயர் பலரை ஏமாற்றுகிறது: சேமிக்கலாம், ஆனால் தரும்முன் சர்வரிடம் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். தரவைச் சேமித்தே ஆக வேண்டுமென்றால் பயனர் எண்ணைச் சாவியில் சேர்க்கலாம். அந்த எண்ணைச் சரிபார்த்த அமர்விலிருந்து எடுக்க வேண்டும், உலாவி அனுப்பும் முகவரியிலிருந்து எடுக்கக் கூடாது.

கலப்பு உறுதியானதும் பொதுக் கேஷைக் காலிசெய்து, எல்லா அமர்வுகளையும் ரத்துசெய்வது வழக்கம். கிட்ஹப் அனைவரையும் வெளியேற்றியது. ஆனால் இவற்றால் பயனர்களின் உலாவிகளில் ஏற்கெனவே இறங்கிய பிரதிகள் அழிவதில்லை. குறித்த காலக்கெடு தீரும்வரை அவை அங்கேயே இருக்கக்கூடும்.