வாத்துக் கறியும் சிவப்புக் கோசும்

ஜெர்மனியின் வடபுலத்தார் 'சிவப்புக் கோசு' என்பதும், பவேரியர் 'நீலக்கோசு' என்பதும் ஒரே முட்டைக்கோசைத்தான். இருவர் கூற்றும் மெய்யே. புளிப்புச் சேர்ந்தால் அதன் நிறமி சிவக்கும். சேராது வெந்தால் நீலம் பாயும். மண்ணுக்கேற்பத் தோட்டத்திலேயே சாயல் மாறுவதும் உண்டு.

12ஆம் நூற்றாண்டுத் துறவுமடத் தலைவி, பிங்கன் நகர்ப் புனித ஹில்டகார்ட், தம் இயற்கை நூலில் சிவந்த கோசினைக் குறித்துள்ளார். 2012இல் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தப்பட்ட அவர், கோசினைப் பெரிதும் பரிந்துரைத்தவர் அல்லர்! ஆயினும், பனிக்காலத்தில் நிலவறையில் கெடாதிருக்கும் காயை எளியோர் எங்ஙனம் விடுவர்?

நவம்பர் 11, புனித மார்ட்டீன் திருநாள். குத்தகை செலுத்தும் நாளும் அதுவே. குடியானவர் பலர் நிலக்கிழாருக்குக் கொழுத்த வாத்தினைக் கொடுத்தனர். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய பழைய நோன்பு மறுநாள் தொடங்குமாதலின், இறைச்சியோடு கூடிய கடைசி விருந்தும் அன்றே. இன்று அவ்வாத்துக்குத் துணைக்கறி இக்கோசு. வாத்தைக் கொடுத்தவன் இல்லத்தில் எஞ்சியது எதுவென விருந்தைப் புகழ்வோர் கேட்பதில்லை; நாம் கேட்கிறோம்.

சமைக்கும் முறை எளிது, பொறுமையே அரிது. மெல்லிதாய் அரிந்த கோசை வாத்துக் கொழுப்பில் வெங்காயத்தோடு வதக்கி, ஆப்பிள், வினிகர், கிராம்பு, சிறிது சர்க்கரை சேர்த்து மூடி, இளந்தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பர். கிராம்பு மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்த விலையுயர் சரக்கு. சர்க்கரையோ, 1747இல் மார்க்கிராஃப் பீட்கிழங்கில் அதனைக் கண்டறிந்து, 1801இல் ஆகார்டு சிலேசியாவில் ஆலை அமைத்த பின்னரே மெல்ல மலிந்தது. ஆகவே இன்றைய இனிப்புச் சுவை எளியோர் அடுப்பை எட்டியது 19ஆம் நூற்றாண்டில்தான் எனக் கருதுகிறோம். அதுவரை அவர்களுக்கு ஆப்பிளே சர்க்கரை.