ஓடையும் வயலும் தந்த தொட்டிச் செடிகள்

வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வேரூன்றி வளரும் நன்னீர்ச் செடிகளுள் கிரிப்டோகொரைன் என்ற பேரினத்துக்குத் தனி இடம் உண்டு. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறு செடிகள் தண்ணீருக்குள் முழுமையாக மூழ்கியும் வாழும், ஈரமண்ணில் தலையை வெளியே நீட்டியும் வாழும். இலங்கையில் இயல்பாக வளரும் ஏறத்தாழப் பத்து இனங்களை வேறெந்த நாட்டின் ஓடையிலும் இயற்கையாகக் காண முடியாது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எங்கும் மீன்தொட்டி வைத்திருப்போர் அறிந்த வென்ட்டியை, பெக்கெட்டியை, வில்லிசியை, பார்வா என்ற பெயர்கள் எல்லாம் இலங்கைச் செடிகளுக்கு உரியவை. செடிகள் இந்தத் தீவினுடையவை. பெயர்களும் வளர்ப்புமுறையும் பெரும்பாலும் கடல்கடந்த நாடுகளில் உருவானவை. திருகோணமலை நகரை ஒட்டிய பாலையூற்றில் இன்று ஒருவர் வீட்டில் செடித்தொட்டி வைத்தால், அங்கு சென்று திரும்பிய செடியைத்தான் பெரும்பாலும் நடுகிறார்.

தொட்டி பிறந்த கதை

பித்தளைப் பாத்திரத்திலோ கண்ணாடிக் குவளையிலோ மீன் விடும் வழக்கம் பழையது. அதில் மீன் சில நாளில் சாவதும் பழைய அனுபவமே. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தொட்டியைச் சோதித்து எழுதியவர் இலண்டன் வேதியியலாளர் றொபர்ட் வாரிங்டன். 1849-இல் அவர் ஏறத்தாழ 12 கலன் கொள்ளும் தொட்டியில் மணல், கற்கள், வலிஸ்நேரியாச் செடி, இரண்டு தங்கமீன்கள் ஆகியவற்றை வைத்தார். செடி வெளியிடும் ஒட்சிசன் மீனுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீரைக் கலக்கின. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. இந்த முடிவை அவர் 1850-இல் வெளியிட்டார். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மறுஆண்டு இயற்கையியலாளர் பிலிப் கொஸ் எழுதிய நூல் இந்தப் பொழுதுபோக்கை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது.

செடிகளைக் கடல்கடந்து உயிரோடு கொண்டுசெல்ல இன்னொரு கண்ணாடிப் பெட்டி உதவியது. நதானியல் வார்ட் என்ற இலண்டன் மருத்துவர் 1829 அளவில் கண்டறிந்த மூடிய பெட்டிக்குள் ஈரம் வெளியேறாது. உப்புக்காற்றும் உள்ளே வராது. பல மாதக் கப்பல் பயணத்தில் செடி அதில் பிழைத்தது. 1821-இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கும் ஐரோப்பியப் பூங்காக்களுக்கும் இடையே செடிப் போக்குவரத்து எளிதானது இவ்வாறே.

பேராதனையில் தொடங்கிய பெயர்கள்

கிரிப்டோகொரைன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறைந்த தண்டாயுதம்’ என்று பொருள். பூக்காம்பின் நுனியில் உள்ள தண்டு போன்ற பகுதி, குழாய் வடிவ மடலுக்குள் ஒளிந்திருப்பதால் வந்த பெயர் இது. சிறு ஈக்கள் மணத்தால் ஈர்க்கப்பட்டு அந்தக் குழாய்க்குள் இறங்கும். உள்ளே சிறைப்பட்டு மகரந்தத்தைச் சுமந்துகொண்ட பின்னரே வெளியேறும். தமிழ் மருத்துவத்துக்கும் இப்பேரினம் புதிதன்று. தென்னிந்திய ஆற்றங்கரைகளில் வளரும் ஸ்பைராலிஸ் என்ற இனத்தின் கிழங்குதான் மருந்துக் கடைகளில் ‘நாட்டு அதிவிடயம்’ என விற்கப்படுகிறது.

இலங்கை இனங்களுள் துவைட்சியை, வாக்கெரி ஆகிய இரண்டுக்கும் ஒஸ்திரியத் தாவரவியலாளர் ஷொட் 1857-இல் பெயரிட்டார். முதற்பெயர், 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவை நடத்திய துவைட்ஸைக் குறிப்பது. 1885-இல், அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஹென்றி டிரைமன் வெளியிட்ட பெக்கெட்டியை என்ற பெயர், செடிகள் சேகரித்த ஒரு கோப்பித் தோட்டக்காரரை நினைவூட்டுகிறது. வில்லிசியை என்ற பெயர் 1896 முதல் பூங்கா இயக்குநராக இருந்த வில்லிஸைச் சுட்டுகிறது. அந்தப் பெயர் வெளியான இடம் கவனிக்கத்தக்கது: 1908-இல் ஜெர்மனியில் மீன்தொட்டி வளர்ப்போருக்காக வந்த வார இதழ் ஒன்றில் அது அச்சாயிற்று. முதல் உலகப் போருக்கு முன்பே இலங்கை ஓடைச்செடி ஜெர்மன் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஓட்டம் விரைந்தது. விமானத்தில் மீனும் செடியும் ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்தன. ஜெர்மன் மீன்தொட்டி வல்லுநர் அல்பர்ட் வென்ட் 1955-இல் அண்டுலாட்டா என்ற இனத்துக்குப் பெயரிட்டார். 1958-இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட், வென்டின் பெயரையே இன்னொரு இனத்துக்குச் சூட்டினார். அதுவே இன்று கடைகளில் பச்சையும் பழுப்புமாக அதிகம் விற்கும் வென்ட்டியை. பேரினத்தில் மிகச் சிறியதான பார்வா 1970-இலும், அல்பாவும் பொக்னெரியும் 1975-இலும் டி விட்டால் பெயர் பெற்றன. தொட்டி வளர்ப்போர் கையிலிருந்த செடி முன்னே சென்றது. தாவரவியல் அதன் பின்னே வந்தது.

கிழக்கின் செடிக்கு நேர்ந்த குழப்பம்

மேற்சொன்னவற்றுள் பல, தீவின் ஈரவலயத்து ஓடைகளிலும் மலையடிவார ஆறுகளிலும் மரநிழலில் வளர்பவை. நெவில்லியை என்ற இனம் மட்டும் கிழக்கு உலர்வலயத்துக்கு உரியது. மாரி மழையில் நீர் நின்று கோடையில் காய்ந்து வெடிக்கும் தாழ்நிலங்களில் அது வளர்கிறது. பெயருக்குரிய ஹியூ நெவில், கிழக்கு மாகாணத்திலும் பணியாற்றிய ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி. 1885-இல் ‘த தப்ரொபேனியன்’ என்ற ஆய்விதழைத் தொடங்கியவரும், இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ள 2,000-க்கும் மேற்பட்ட ஏட்டுச் சுவடிகளைத் திரட்டியவரும் அவரே. செடியின் விவரணம், டிரைமன் தொடங்கித் தாவரவியலாளர் ஹூக்கர் முடித்த இலங்கைத் தாவர நூலின் நான்காம் பாகத்தில் 1898-இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே நெவில் இறந்துவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் பல பதிற்றாண்டுகளாக ‘நெவில்லியை’ என்ற பெயரில் உலகச் சந்தையில் ஒரு குட்டைச் செடி விற்கப்பட்டது. தொட்டியின் முன்வரிசைக்கு அது மிகவும் பொருந்தியது. டென்மார்க்கின் தாவரவியலாளர் நீல்ஸ் ஜேக்கப்சன் இலங்கை இனங்களை ஆராய்ந்து 1976-இல் எழுதிய பின்னர் உண்மை தெளிந்தது: கடையில் இருந்தது நெவில்லியை அன்று, மலைநாட்டு ஆற்றுப்பகுதியைச் சேர்ந்த கலப்பினமான வில்லிசியை. கிழக்கின் உண்மையான நெவில்லியை, ஆண்டு முழுவதும் ஒரே அளவு தண்ணீர் நிற்கும் தொட்டியில் எளிதாக நிலைப்பதில்லை. காய்ச்சலும் வெள்ளமும் மாறி மாறி வரும் நிலத்துக்குப் பழகிய செடி அது.

இப்பகுதியின் குளங்களில் வளரும் பிற செடிகளும் இதே இயல்பின. குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிட, அங்கேயே ஒட்டிக் கிடப்பவையாக மூதுரை காட்டும் ஆம்பலும் நெய்தலும் கொட்டியும் மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, மழை வந்ததும் தழைப்பவை. கொட்டியின் பேரினமான அப்போனோகெட்டனைச் சேர்ந்த கிரிஸ்பஸ் என்ற இலங்கை இனம், இலையில்லாத உலர்ந்த கிழங்காகவே வெளிநாட்டுக் கடைகளுக்குச் செல்கிறது. தண்ணீரில் போட்டால் சில வாரங்களில் அலையலையான நீண்ட இலைகள் எழும். பல மாதங்களுக்குப் பின் அவை உதிர்ந்தால் செடி செத்துவிட்டதாகக் கருதுவது தவறு. அது கிழங்கின் ஓய்வுக்காலம்.

மீனும் சட்டமும்

செடியோடு மீனும் சென்றது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த செரி பார்பை 1929-இல் இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார். இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துச் சிவக்கும் பிளாக் ரூபி பார்பை அதற்கு முன்பே, 1868-இல், விலங்கியலாளர் குந்தர் விவரித்திருந்தார். இரண்டும் தென்மேற்கு ஈரவலயத்து நிழல் ஓடைகளுக்கு உரியவை. ஏற்றுமதி வணிகத்தை வளர்த்தவர்களுள் கடலடி நீச்சல் வீரர் றொட்னி ஜொங்க்ளாஸும் ஒருவர். 1956-இல் திருகோணமலைக் கோணேசர் மலையடியில் கடலுக்குள் கோயில் இடிபாடுகளைக் கண்ட மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் ஆகியோரின் நீச்சல் தோழர் அவர்.

ஓடைகளிலிருந்து அள்ளுவது தொடர்ந்ததால் இனங்கள் குறையும் அச்சம் எழுந்தது. 1937-இன் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1993-இல் திருத்தப்பட்டது. இயற்கையில் பிடித்த உள்நாட்டு மீன்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1998-இல் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறி, வளர்ப்பு மீன் தொழிலை ஊக்குவிக்கும் பொறுப்பு அதனிடம் சேர்ந்தது. செடியும் இப்போது பெரும்பாலும் நாற்றுமேடைகளிலும், ஆய்வுக்கூடத் திசு வளர்ப்பிலும் பெருக்கப்படுகிறது.

மூன்று பாணிகள்

நீர்ச்செடித் தொட்டியை அமைக்கும் முறையில் மூன்று பாணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது வாரிங்டன் வழி: மண், செடி, நத்தை, சில மீன், இயந்திரம் எதுவும் இல்லை. இரண்டாவது நெதர்லாந்தில் வளர்ந்தது. கல்லும் கட்டையும் குறைவாக, இலையின் நிறமும் உயரமும் மாறி மாறி வரும்படி செடிகளைப் பாத்திகட்டி அடுக்கும் தோட்டப் பாணி அது. மூன்றாவது ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோவினுடையது. 1982-இல் நிறுவனம் தொடங்கிய அவர், கல்லையும் மரவேரையும் முதன்மையாக வைத்து, கடும் ஒளியும் காபனீரொட்சைட்டும் கொடுத்து, ஒரு மலைச்சரிவின் தோற்றத்தைத் தொட்டிக்குள் கொண்டுவந்தார். பொதுவாக, கிரிப்டோகொரைன் முதலிரு பாணிகளில் நடுவிலும் முன்னிலும் நிற்கும். மூன்றாவதில் மரவேரின் நிழலில் ஒதுங்கும்.

பாலையூற்றுத் தொட்டி

பாலை மரமும் ஊற்றும் சேர்ந்த ஊர்ப்பெயர் நிலத்தடி நீரை நினைவூட்டுகிறது. அயலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் உள்ளன. ஆனால் கடலோர நிலத்தில் கிணற்று நீர் இடத்துக்கு இடம் மாறும். சில கிணறுகளில் உவர் மிகும். குலக்கோட்டன் மன்னன் மரபோடு சேர்த்துச் சொல்லப்படும் கந்தளாய்க் குளத்தின் நீரே சுத்திகரிக்கப்பட்டுத் திருகோணமலை நகரப் பகுதிக்குக் குழாயில் வருகிறது. குழாய்நீரில் குளோரின் இருப்பதால், அதை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்த பின் அல்லது நீக்கும் மருந்து இட்ட பின் பயன்படுத்துவது வழக்கம்.

இங்கு முதல் இடர் வெப்பம். ஈரவலயத்து நிழல் ஓடையில் 25 பாகை அளவுக்குப் பழகிய செடி, கச்சான் வீசும் மாதங்களில் பகல் 35 பாகையைத் தொடும் ஊரில் வாழவேண்டும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் கரைவது குறையும். தொட்டியை வெயில் விழாத சுவர்ப்பக்கம் வைப்பதும், மேற்பரப்பில் சிறு மின்விசிறியால் காற்று வீசச் செய்து இரண்டு மூன்று பாகை குறைப்பதும் உதவும். நிழற்செடி என்பதால் நாளுக்கு எட்டு மணிநேர மிதமான வெளிச்சம் போதும். கூடினால் இலைமேல் பாசி படியும்.

அடியில் சத்துள்ள மண்ணோ, சுட்ட களிமண் உருண்டையோ இட்டு, அதன்மேல் கழுவிய ஆற்றுமணலைச் சேர்த்து 5 முதல் 7 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புவர். கிரிப்டோகொரைன் வேரால் உண்பது. வெறும் கல்லில் அது வளராது. நடும்போது வேர் மறைய வேண்டும், குருத்து மணலுக்குமேல் நிற்க வேண்டும். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீன்விடுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். பிறகு வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

நட்ட சில நாளில் இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்துபோவது இச்செடியில் அடிக்கடி நிகழும். தண்ணீர், ஒளி, வெப்பம் திடீரென மாறினால் வரும் எதிர்வினை அது. அழுகிய இலையை அகற்றிவிட்டு வேர்க்கிழங்கை அசைக்காமல் விட்டால், சில வாரங்களில் புது நீருக்கேற்ற இலை வரும். பிடுங்கி மாற்றி நட்டால் மறுபடியும் கரையும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது. மின்வடிகட்டியையே நம்பிய தொட்டிக்கு அத்தகைய நாள் ஆபத்தானது. செடி மிகுந்தும் மீன் குறைந்தும் உள்ள தொட்டி பகலில் அதைத் தாங்கும். இரவில் செடியும் ஒட்சிசனை உட்கொள்வதால், மின்கலத்தில் ஓடும் காற்றுப்பம்பி ஒன்று தேவை.

திரும்பி ஓடைக்குப் போகக்கூடாதவை

தொட்டிக்காகவோ பூங்காவுக்காகவோ கொண்டுவந்த செடி நீர்நிலைக்குள் தப்பினால் நேர்வதை இலங்கை அறியும். ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909-இலேயே தனிக் கட்டளைச் சட்டம் தேவைப்பட்டது. 1939-இல் பாடத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்த சல்வீனியா பின்னர் வயல்களையும் குளங்களையும் மூடியது. தொட்டியிலிருந்து வெளியேறிய கத்திமீனும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் இன்று ஆறுகளில் பெருகியுள்ளன. எதிர்த்திசையிலும் இது நடந்தது: இலங்கையின் பெக்கெட்டியை, அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் 1993-இல் காணப்பட்டு, அங்கு மட்டுமே வளரும் காட்டு நெல்லுக்கு இடையூறாகப் பரவியது. அதை அகழ்ந்து அகற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே பராமரிப்பின் கடைசி வேலை தொட்டிக்கு வெளியே நடைபெறுவது. வெட்டிய தண்டும் மிகுந்த கன்றும் வாய்க்காலிலோ குளத்திலோ சேரக்கூடாது. வெயிலில் நன்கு காயவைத்து எருக்குழியில் இடவேண்டும். மீனையும் நத்தையையும் வளர்க்க முடியாதவர் வேறொரு வளர்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.