பிரிஞ்சாங்கின் குளிர், கெந்திங்கின் புத்தாயிரம்

கெந்திங் மலையின் கதையைக் கேமரன் மலையில்தான் தொடங்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலைகள் மும்முரமாக நடந்தன. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் கட்டி முடிந்தது. மலையைக் குடைந்து, பகாங்கின் நீரைப் பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் வேலை எடுத்திருந்த குத்தகைக்காரர்களில் ஒருவர் லிம் கோ தோங். சீனாவின் ஃபுஜியான் மாநிலத்தில் பிறந்து, 1937-இல் மலாயா வந்தவர். ஒருநாள் இரவு கேமரன் மலையில் சாப்பிட்டு முடித்து, குளிர்ந்த காற்றை அனுபவித்தபடி இருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தக் குளிருக்காக மக்கள் இவ்வளவு தூரம் ஏறி வருகிறார்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மலை இருந்தால்?

வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார். பகாங்கும் சிலாங்கூரும் சந்திக்கும் எல்லையில், தலைநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், உலு காலி மலை நின்றது. 1965-இல் நிறுவனம் தொடங்கினார். கெந்திங் செம்பாவிலிருந்து உச்சி வரை காட்டை வெட்டிச் சாலை போடவே நான்கு ஆண்டு பிடித்தது. 1969 மார்ச் 31-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார். 1971-இல் ஹோட்டல் திறந்தது. சூதாட்ட விடுதிக்கான உரிமமும் கிடைத்தது. பின்னர் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமாகக் கேளிக்கைப் பூங்கா எழுந்தது. 1997-இல் 3.38 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய கேபிள் கார் ஓடத் தொடங்கியது.

2000-ஆம் ஆண்டை வரவேற்க மலேசியர்கள் ஆயிரக்கணக்கில் ஏறிய அந்தப் பூங்காவின் விதை எங்கள் மலைக் காற்றில் விழுந்தது. கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலும் சொல்லித் தந்ததில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. ஆகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

லிம் கோ தோங் சுவாசித்த குளிர் இயற்கை கொடுத்தது. அந்தக் குளிரில் ஒரு மனிதர் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார முடிந்ததற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக இந்தப் பக்கம் வந்தார். நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இங்கே ஒரு மலைவாசத்தலம் அமைக்கும் முடிவு உருப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான அந்தச் சரிவுகளைத் திருத்த அவரிடம் இருந்தவை கோவேறு கழுதைகளும், ஒரே ஒரு நீராவி உருளை வண்டியும், கூலியாட்களும்தான். அந்தக் கூலியாட்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்.

காட்டை அழித்தார்கள், கன்று நட்டார்கள், லயம் கட்டிக் குடியேறினார்கள், கோயில் எழுப்பினார்கள். பிரிஞ்சாங் மலையின் அடிவாரத்தில் சுங்கை பாலாஸ் தோட்டத்தின் சரிவுகளைப் பார்க்கிறவர்கள், அந்த வரிசைகள் மலையின் வளைவோடு எப்படி வளைகின்றன என்று வியக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையின் இடைவெளியும் மனிதர் நடந்து போக விட்ட இடைவெளி. முதுகில் கூடையோடு ஒரு பெண் ஏறி இறங்கும் அகலம் அது.

இனி 1999 டிசம்பருக்கு வருவோம். நாட்டுக்கு அது சாதாரண ஆண்டு அல்ல. 1997-இல் அடித்த பொருளாதார நெருக்கடி இன்னும் முழுதாக ஆறவில்லை. 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார்கள். இரட்டைக் கோபுரம் 1999 ஆகஸ்டு 31-இல் முறைப்படி திறக்கப்பட்டது. நவம்பர் 29-இல் பொதுத்தேர்தல். வெளிநாட்டுப் பயணம் கைக்கு எட்டாமல் போன குடும்பங்களுக்கு உள்நாட்டு மலைகளும் பூங்காக்களும்தான் கொண்டாட்ட இடங்களாயின. கெந்திங்குக்கு ஏறலாம், அல்லது சன்வே லகூனுக்குப் போகலாம். சன்வே லகூன் 1993-இல் திறந்த பூங்கா. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் நீர் நிரப்பி உருவாக்கியது.

அந்த டிசம்பர் 31-இல் எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒரு வேன் கெந்திங்குக்குக் கிளம்பியது. இளைஞர்கள் பணம் சேர்த்து வாடகைக்குப் பிடித்த வேன் அது, நானும் போனேன். பிரிஞ்சாங்கிலிருந்து கீழே இறங்க அப்போது தாப்பா சாலைதான். சிம்பாங் பூலாய் வழி பின்னால் வந்தது. விடியுமுன்னே புறப்பட்டோம். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் மனம் ஒட்டவேயில்லை. "இங்க இல்லாத குளிரா அங்க இருக்கு? காசு குடுத்துக் குளிர வாங்கப் போறீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். எங்களுக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா கேட்டது பொருளாதாரக் கேள்வி என்று புரியப் பல ஆண்டு ஆனது.

பூங்காவில் கூட்டம் நெரிந்தது. நடுவில் ஏரி, அதில் படகுகள், தலைக்கு மேல் மோனோரயில், வளைந்து பாயும் ரோலர் கோஸ்டர். கோலாலம்பூர், கிள்ளான், சிரம்பான் என்று கீழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கியபடி நின்றார்கள். மூடுபனி இறங்கியதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், பெரியவர்கள் கேமராவை எடுத்தார்கள். எனக்கு அதுதான் புதுமையாக இருந்தது. எங்கள் ஊரில் மூடுபனி என்றால் கங்காணி பேர் வாசிக்கும் நேரம், ஈரச் செடியில் கை விறைக்கும் நேரம். அதற்காக ஒருவர் விடுமுறை எடுத்துப் பயணம் செய்து வருவார் என்பதை அன்றுதான் என் கண்ணால் கண்டேன்.

நள்ளிரவு நெருங்கியபோது கூட்டம் தலைகீழாக எண்ணத் தொடங்கியது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒன்றோடொன்று மோதின. எண்ணி முடித்ததும் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கை குலுக்கினார்கள். விளக்குகள் அணையவில்லை. கணினிகள் 2000-ஐ 1900 என்று எண்ணிக் குழம்பும், வங்கியும் மின்சாரமும் நின்றுவிடும் என்று ஒரு வருடமாக நாளிதழ்களில் படித்துப் பயந்திருந்தோம். அந்தப் பயம் சில நொடிகளில் கரைந்தது.

அந்த நள்ளிரவுக்கே ஒரு வரலாறு உண்டு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 வரை கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னே ஓடியது. சபாவும் சரவாக்கும் எட்டு மணி முன்னே. நாடு முழுதும் ஒரே நேரம் வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12 மணிக்குத் திருப்பினார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் தீபகற்பத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. பழைய கணக்கே நீடித்திருந்தால் 2000-ஆம் ஆண்டு எங்களுக்கு அரை மணி தாமதமாகப் பிறந்திருக்கும். நேரத்தை அரசு வகுத்தது. சூரியனோ பழைய வழக்கப்படியே எழுந்தது. அதனால்தான் இன்றும் மேற்குக் கரையில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. தோட்டத்து விடியல் வேலைக்காரர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

ஆண்டுக் கணக்கிலும் வாதம் இருந்தது. புதிய ஆயிரமாண்டு 2001 ஜனவரி 1-இல்தான் பிறக்கிறது என்று கொழும்பில் வாழ்ந்த அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் விடாமல் சொல்லி வந்தார். கணக்கு அவர் பக்கம்தான் சரி. ஆனால் நான்கு இலக்கமும் ஒரே நேரத்தில் மாறுவதைக் காண மனித மனம் ஓராண்டு பொறுக்குமா? உலகம் காத்திருக்கவில்லை. கிரிபாத்தி நாடு 1995-இல் தேதிக்கோட்டையே நகர்த்தித் தன் கிழக்குத் தீவுக்கு முதல் விடியலை உறுதி செய்துகொண்டது. அமெரிக்காவில் டிஸ்னியின் எப்காட் பூங்கா 1999 அக்டோபரிலேயே கொண்டாட்டத்தைத் தொடங்கி, 2001 ஜனவரி 1 வரை நீட்டியது. லண்டன் கிரீன்விச்சில் மில்லெனியம் டோம் டிசம்பர் 31 இரவு திறந்தது. ஓராண்டில் 1 கோடியே 20 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டவர்களுக்கு வந்தது சுமார் 65 லட்சம் பேர்.

நம்மவர்கள் புத்தாயிரத்துக்கு வேறொரு அடையாளம் வைத்தார்கள். 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். சிற்பி வை. கணபதி ஸ்தபதி. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள், அதன் மேல் 95 அடிச் சிலை பொருளும் இன்பமும். அந்த நாளில் உலகில் எழுந்த கட்டுமானங்களில் என் மனம் இன்றும் அதிகம் மதிப்பது இதைத்தான். டோமைப் போல ஓராண்டுக் காட்சிக்காகக் கட்டியது அல்ல அது.

மலேசியாவில் அந்த இரவு நோன்பு மாதத்தில் விழுந்தது. ஜனவரி 8-இல் நோன்புப் பெருநாள், 15-இல் பொங்கல், 21-இல் தைப்பூசம், பிப்ரவரி 5-இல் சீனப் புத்தாண்டு. ஐந்து வாரத்துக்குள் எல்லோருடைய பண்டிகையும் வரிசையாக வந்தன. தோட்டத்திலோ அது மார்கழி. கெந்திங்கில் கூட்டம் கலையாமல் ஆடிக்கொண்டிருந்த விடியற்காலையில், எங்கள் கோயிலில் வழக்கம்போல ஒலிபெருக்கி பாடியது, பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். பிரமாதி ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அது முடிய இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. அம்மாவின் கணக்கில் புது வருடம் பிறக்கவே இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் வருகிறது. புத்தாயிரத்தின் முகமாக மலேசியா உலகத்துக்குக் காட்டிய இடம் புத்ராஜெயா. பிரதமர் அலுவலகம் 1999-இல் அங்கே போனது. அந்த நகரத்தின் அடியில் இருப்பது பிராங் பெசார் ரப்பர் தோட்டம். தலைமுறைகளாக அங்கே பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பக்கத்திலேயே சைபர்ஜெயாவும் தோட்ட நிலத்தில்தான் எழுந்தது. 1990-களில் சிலாங்கூர் முழுக்கத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. கோயிலும் பள்ளியும் இடுகாடும் எங்கே போவது என்று தெரியாமல் எத்தனையோ ஊர்கள் தவித்தன. கீழ்நாட்டில் புதிய காலம் தோட்டத்தை அழித்துத்தான் உள்ளே வந்தது.

பிரிஞ்சாங்கில் அப்படி நடக்கவில்லை. தேயிலைச் செடி நின்றது. காரணம், அது பார்ப்பதற்கு அழகாக இருந்தது. 2000-க்குப் பிறகு சிம்பாங் பூலாய் சாலை திறந்து, கார்கள் இரண்டு பக்கமும் ஏறி வரத் தொடங்கியபோது, சுங்கை பாலாஸில் தேயிலைச் சரிவுக்கு மேல் நீட்டிக் கட்டிய தளத்தில் நின்று மக்கள் படம் எடுத்தார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டங்கள், ஹோட்டல்கள், இரவுச் சந்தை என்று பிரிஞ்சாங் பட்டணம் உப்பியது. வேலைத்தலம் காட்சித்தலமாக மாறியது. லிம் கோ தோங் எங்கள் மலையிலிருந்து எடுத்துக்கொண்டு போன யோசனை, முப்பத்தைந்து ஆண்டு கழித்து எங்கள் மலைக்கே திரும்பி வந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் காட்சிக்குள் ஆட்கள் மாறிவிட்டார்கள். கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரி வெட்டியது, பிறகு இருவர் பிடிக்கும் இயந்திரம் வெட்டியது. லயத்துப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எந்தத் தாயும் தன் மகள் ஈரச் செடியில் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை. இன்று சரிவுகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா நாட்டுத் தொழிலாளர்கள். சுற்றுலா விளம்பரங்களில் தேயிலை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது. முதல் கன்றை நட்டவர்களின் பெயர் இல்லை. எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.

2000-ஐ நாங்கள் வரவேற்ற கெந்திங் பூங்காவும் இன்று இல்லை. 2013 செப்டம்பரில் அந்த வெளிப்புறப் பூங்காவை மூடினார்கள். ஏரியும் மோனோரயிலும் போயின. 2022 பிப்ரவரியில் அதே இடத்தில் புதிய பெயரோடு புதிய பூங்கா திறந்தது. ஆயிரக்கணக்கான மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில் மட்டும் பழைய பூங்கா இருக்கிறது. ஃபிலிம் சுருளில் எடுத்து, கடையில் கழுவி வாங்கிய படங்கள். ஓரத்தில் சிவப்பு எழுத்தில் தேதி.

அந்த ஆல்பங்களைத் தேடி எடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாகச் சுங்கை பாலாஸ், புளூ வேலி, போ தோட்டங்களில் பிறந்து வெளியே போனவர்கள். கெந்திங் படத்துக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே லயத்துப் படம் இருக்கும், தீமிதிப் படம் இருக்கும், காலையில் பேர் வாசிக்கும் பிரட்டுக் களத்தில் நிற்கும் பாட்டியின் படம் இருக்கும். யார், எந்த டிவிஷன், எந்த வருடம் என்று பென்சிலால் பின்னால் எழுதிவையுங்கள். எழுதச் சொல்லித் தர இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: தாப்பா சாலையை வெட்டியவர்கள்.