பழனிமலைத் தொடரில் பேரி: அறிமுகமும் வணிகப் பயிராக்கமும்

திருச்சிராப்பள்ளிச் சாலையில் அமைந்த கொட்டாம்பட்டியின் வறண்ட சமவெளியும், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலும் 1985இல் திண்டுக்கல் மாவட்டம் உருவாகும்வரை மதுரை மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. முன்னதில் பேரி பயிராவதில்லை. பின்னதில் அது வணிகப் பயிர். உயரமே இதற்குக் காரணம் என்பது வெளிப்படை. மலையில் எந்தப் பேரி நிலைத்தது என்பதே ஆராயத்தக்கது.

1845இல் மதுரை அமெரிக்க மிஷனரிமார் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலில் இரு இல்லங்களை எழுப்பினர். மதுரை ஆட்சியராயிருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை அமைத்தார். ஐரோப்பியக் கனிமரங்களின் வருகையையும் அவர் பெயரோடு இணைத்துப் பேசுவது வழக்கம். எனினும், பங்களாத் தோட்டத்து மரம் வேறு. சந்தைக்குக் காய்க்கும் மரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரலாறு அறிமுகத்தோடு நின்றுவிடுகிறது.

ஐரோப்பியப் பேரி வகைகள் பலவும் குளிர்கால உறக்கம் நீங்கிச் சீராகப் பூப்பதற்கு, 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் ஆயிரம் மணி நேரமளவு வேண்டும். கொடைக்கானலில் உறைபனி படியும் நாள்களிலும் பகல் வெயில் அக்குளிரைப் போக்கிவிடுகிறது. மலையில் பரவிய கீஃபர் வகைக்கோ அதில் பாதிக்கும் குறைவே போதுமானது. 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவை அடுத்து வாழ்ந்த பீட்டர் கீஃபரின் தோட்டத்தில், சீன மணற்பேரியும் ஐரோப்பியப் பேரியும் தற்செயலாகக் கலந்து தோன்றியது அது. ஐரோப்பியப் பழம் எனப் பெயர்பெற்றதன் மரபு பாதி ஆசியாவினது. மலையில் அதை நாட்டுப்பேரி நாற்றில் ஒட்டுக்கட்டி நடுகின்றனர்.

கீஃபரின் சதை கடினமானது, மணல்போல் நறநறப்பது. வாயில் கரையும் பேரியை விரும்பும் ஐரோப்பிய நாவுக்கு இது குறையே. ஆனால் 1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தபின்னும் பல பத்தாண்டுகள் மலைக்கு வண்டிப்பாதை இல்லை. சுமை தலையிலும் பொதிமாட்டிலுமே சென்றது. மலைச்சாலை 1914ஐ ஒட்டியே நிறைவுற்றது. குலுக்கலைத் தாங்கும் கனிக்கே அத்தகைய வழியில் சந்தை உண்டு. தமிழில் இது பேரிப்பழம் ஆகாமல் பேரிக்காய் ஆனதும் கருதத்தக்கது: மாங்காய், கொய்யாக்காய் போலக் கடித்துண்ணும் சமவெளியாரின் சுவைக்கு அக்கடினம் பொருந்திற்று. இன்றும் ஆடி, ஆவணி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் பேரிச்சரக்கு வத்தலக்குண்டு வழியாகச் சமவெளிச் சந்தைகளை அடைகிறது.