எஞ்சின் வாய்க்காத மாருத்

மதுரைப் பக்கம் கோடையில் வறண்ட கண்மாய்தான் எங்க ரிமோட் விமானங்களுக்கு ஓடுதளம். எல்லாரும் ஸ்பிட்ஃபயர் செய்றாங்க. நான் நம்ம மாருத்தை எடுத்தேன்.

பெங்களூரு எச்.ஏ.எல்.-இல் ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்த போர் விமானம் அது. ஜெட் எஞ்சின் பொருத்தும் முன்பே, 1959-ல் முழு அளவில் மரக் கிளைடர் செய்து, டகோட்டாவால் இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஃபோமில் நாங்க செய்வதும் ஏறக்குறைய அதேதான்!

1961 ஜூன் 17-ல் மாருத் பறந்தது. உடம்பு ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு வரைந்தது. கிடைத்ததோ பலம் குறைந்த ஆர்ஃபியஸ் 703. திட்டமிட்டிருந்த ஆர்ஃபியஸ் 12-ஐ உருவாக்க பிரிஸ்டல் நிறுவனம் பணம் கேட்டது, டெல்லி கொடுக்கவில்லை. அது தப்பான சிக்கனம்னுதான் எனக்குத் தோணுது.

மாடலில் மோட்டார் பத்தலைன்னா பெருசா ஒண்ணு வாங்கி மாட்டிடலாம். மாருத்துக்குக் கடைசிவரை அது வாய்க்கலை. இருக்கிற எஞ்சினோடயே 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து தாக்கியது.